மணிக்கட்டில் மூன்று விரல்

1

இந்த மலேசிய நாட்டுக்குள் நான் வாந்தி எடுத்துக்கொண்டேதான் நுழைந்தேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், எனக்குக் கோபமில்லை. விமானத்தில் கொடுத்த காகிதப் பை போதவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் தன் பையையும் என் மடியில் வைத்துவிட்டு எங்கேயோ பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். விமான நிலையத்திலிருந்து லிங்கிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டம்வரை, காரின் ஜன்னலுக்கு வெளியே தலையைப் போட்டபடியே வந்தேன். தோட்டத்தில் ஆரத்தித் தட்டோடு ஜனம் நின்றது. இறங்கினேன். தட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடவை எடுத்தேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்த புதுப்பெண் வந்து இறங்கியதும் வாந்தி எடுத்தால் ஜனம் என்ன நினைக்கும்? கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை விரலை மடக்கிக் கணக்குப் போட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். "கார் ஒத்துக்கலம்மா அதுக்கு" என்று என் வீட்டுக்காரர் குணசேகரன் தொண்டை கிழியச் சொன்னார். யார் காதில் விழுந்தது? அந்த மாதம் நான் வீட்டுக்கு விலக்கான அன்றைக்குத்தான் என் மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார்.

அன்றிலிருந்து எனக்கு 'முந்தா அக்கா' என்று பேர். முந்தா என்றால் மலாயில் வாந்தி. வசந்தா என்று அப்பா ஆசையாக வைத்த பேர் பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருக்கிறது.

பேரோடு போயிருந்தால் பரவாயில்லை. லுக்குட் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போக மோட்டார் சைக்கிளில் ஏறினால் பாதி வழியில் எடுப்பேன். பஸ் என்றால் ஏறும்போதே டீசல் வாடைக்கு வாயில் எச்சில் ஊறும். எனவே காய்கறி, மீன், துணிமணி எல்லாம் வீட்டுக்காரரே வாங்கி வருவார். கல்யாணமா, காதுகுத்தா, கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதா, "அவள விட்டுட்டுப் போலாம்லா, பாவம், முந்தா எடுப்பா" என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், சத்தியமாக அன்பாகத்தான். ஆனால் பூட்டிப் போட்டால்கூட ஒரு நாள் கதவை உடைக்கலாம். பாவம் பார்த்து விட்டுப் போகிறவர்களிடம் எதை உடைப்பது? எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே இந்த லயத்து வீட்டில் இருபத்து நான்கு வருடம் ஓடிவிட்டது. ஊருக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் போன வாரம் முழுக்கப் படுக்கை, திரும்பிய வாரம் முழுக்கப் படுக்கை.

2

அடுத்த மாதம் அப்பாவுக்குத் தலைத் திவசம். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அப்பா போன செய்தி வந்தபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். அதற்கும் சில வருடம் முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் ஆரம்பித்தது வாந்தி. ஒன்றுமே இல்லாத வயிற்றிலிருந்து பச்சையாக, மஞ்சளாக, கடைசியில் வெறும் காற்றாக. ஒவ்வொரு எக்கலுக்கும் தையல் போட்ட இடம் பிய்ந்துபோகிற மாதிரி இழுத்தது. ஊசி மருந்து போட்டுப் பார்த்தார்கள், கொஞ்சம் அடங்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். மேல்தோல் ஆறிவிட்டது. உள்ளே தையல் விட்டுப்போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியா என்றார்கள். வருடம் போகப் போக அது எலுமிச்சை அளவில் நிற்கவில்லை.

அப்பா இறந்த வாரம் அது வெளியே வந்து உள்ளே போக மறுத்தது. டாக்டர் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, பிளேனில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஏறலாம் என்று சொல்லியிருந்தாலும் பிரயோசனமில்லை, பாஸ்போர்ட் குடிநுழைவு ஆபீசில் கிடந்தது. இங்கே வாக்கப்பட்டு வந்த எங்களுக்கு 'மனைவி பாஸ்' என்று ஒன்று உண்டு. காலாவதி ஆக ஆகப் புதுப்பிக்க வேண்டும். கணவனுக்கு மலாயில் சுவாமி என்று பேர். அந்தச் சுவாமி பக்கத்தில் வந்து நின்று, ஆமாம் இவள் என் மனைவிதான், என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டால்தான் முத்திரை விழும். வருவதற்குக் காரில் வாந்தி, போவதற்குக் காரில் வாந்தி. நடுவில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பெண், என் வெளிறிப்போன முகத்தையும் பாஸ்போர்ட் போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள்.

ஆக, அப்பாவின் கடைசிப் பயணத்தைப் போனில்தான் பார்த்தேன். தம்பி பாஸ்கர் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியிருந்ததால் போனை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை சோர்ந்துவிட்டது போல. வானம் தெரிந்தது. பிறகு யாருடையவோ செருப்புக் கால்கள். என் அப்பா எங்கே என்று நான் இங்கே கெஞ்சியது அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

தலைத் திவசத்துக்காவது போய் நிற்க வேண்டும். அதற்கு இந்த ஹெர்னியாவை முடித்தாக வேண்டும். வயிற்றுக்குள் வலை வைத்துத் தைப்பார்கள் என்றார் ஆபரேஷன் டாக்டர். "தைத்த பிறகு கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, முக்கியமாக வாந்தி கூடாது. மறுபடி பிய்ந்தால் பெரிய வேலை. ஊர் போவதெல்லாம் அப்புறம் நினைக்கவே முடியாது."

வாந்தி கூடாதாம். யாரிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள்!

3

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க என் மகள் ஷாமினிதான் காரில் அழைத்துப் போனாள். சிரம்பானில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, அங்கேயே தோழிகளோடு வீடு. சனி ஞாயிறு வருவாள், போனைப் பார்ப்பாள், போவாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அவள் தோழிகளோடு மலாயும் சீனமும் கலந்து பேசிச் சிரிக்கும்போது, இது நான் பெற்றதுதானா என்று எனக்கே சந்தேகம் வரும். அன்றைக்கு அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை.

டாக்டர் ஒரு சீனப் பெண். என்னைவிடச் சின்னவள், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. கேள்வி மேல் கேள்வி கேட்டாள். போன ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வந்ததா? வண்டியில் போனால் வருமா? சிகரெட் பிடிப்பீர்களா?

"சிகரெட்டா? நானா?" என்றேன்.

"ஐயோ மா, ரிலேக்ஸ்லா. சிகரெட் புடிக்கிறவங்களுக்கு வாமிட் கம்மியா வருமாம். அதுக்குத்தான் கேக்குறாங்க" என்றாள் ஷாமினி.

எனக்குத் தெரிந்த பாசார் மலாயை எல்லாம் திரட்டி நானே நேராகச் சொன்னேன்: "டாக்டர், சாயா முந்தா பாஞாக். பாஞாக் செகாலி." ரொம்ப ரொம்ப வாந்தி எடுப்பவள் நான் என்று அர்த்தம். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தன் மூன்று விரலை ஒட்டி வைத்து அளந்தாள். அதற்கு மேலே, இரண்டு நரம்புக்கு நடுவே, கட்டை விரலால் அழுத்தினாள். முழங்கைவரை மந்தமாக ஒரு கடுப்பு ஓடியது.

அவள் சொன்னதை ஷாமினி இப்படிச் சொன்னாள்: "மா, இந்த எடத்துல மெல்லிசா ஊசி வெப்பாங்களாம். மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடியே. அது போயி வயித்த க்வாயட் ஆக்குமாம். அக்குபங்சர். ஆஸ்பத்திரியிலயே அதுக்கு ஆள் இருக்காங்களாம். மருந்தும் குடுப்பாங்க, ஊசியும் வெப்பாங்க. ரெண்டும் சேர்ந்தா சான்ஸ் அதிகம். ஆனா கேரண்டி இல்லயாம். அதையும் சொல்லச் சொன்னாங்க."

கேரண்டி இல்லை என்று சொன்னதால்தான் எனக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை வந்தது. இத்தனை வருடத்தில் எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தால் நிச்சயம் நிற்கும், இஞ்சி மென்றால் நிச்சயம் நிற்கும், தொப்புளில் பிளாஸ்திரி ஒட்டினால் நிச்சயம் நிற்கும் என்று நிச்சயம் சொல்லாத ஆளே கிடையாது.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "வயித்துல ஆபரேசன், கையில ஊசியா? பாசார்ல சீனன் கடையில குத்துறானே, அதுவா? அடுப்பு எரியலன்னா கூரையத் தட்டுவானா ஒருத்தன்?" என்றார். செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். எதையும் திறந்து பார்த்து, கை வைத்துப் பார்த்தால்தான் நம்புவார்.

"உங்களுக்குத் தலவலின்னா உள்ளங்கால்ல தைலம் தேய்க்கிறீங்க. லாரி ஓட்டி முதுகு வலிச்சா என்னைக் காலை மிதிக்கச் சொல்றீங்க. அப்ப மட்டும் என்னவாம்?" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னார்.

4

ஆபரேஷன் தேதி எப்போது என்று யாரும் சொல்லவில்லை. கூப்பிடுவார்கள் என்றார்கள். கூப்பிடவில்லை. போன் போட்டால் பாட்டுப் போட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். நாள் நெருங்க நெருங்க எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா வந்தது. தாயே, சீக்கிரம் தேதி கிடைக்கட்டும், உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு, இடது மணிக்கட்டில். காப்புக் கட்டினால் என்ன முறை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்குடம் இறக்கிக் கயிறு அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. உடம்பில் கத்தி படக் கூடாது. எங்கள் தோட்டத்தில் நகம்கூட வெட்டமாட்டார்கள்.

கட்டிய மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். யாரோ ஒருவர் வரவில்லையாம், இடம் காலியாம், நாளைக்கே வந்து படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கேட்ட தேதியைக் கொடுத்தவளும் அந்த மாரியம்மன்தான், போகவிடாமல் கையைக் கட்டி வைத்திருப்பவளும் அவள்தான். வேண்டாமென்றால் அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். திவசம் கழிந்து எவ்வளவோ நாள். "சாயாங், காக்" என்று அந்தப் பக்கமிருந்த பெண் பரிதாபமாகச் சொன்னாள். வீணாப் போகுதே அக்கா என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர் கோயில் கமிட்டியில் இருப்பவர். "அடுத்த டேட்டே வாங்கிக்கலாம்லா. சாமி விசயத்துல வெளையாடக் கூடாது" என்றார்.

"அடுத்த டேட்டுன்னா அப்பா திவசம் போச்சு."

"போன வருசமே போக முடியல. இப்ப என்ன?"

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். கையில் இருந்த அகப்பையைத் தொட்டியில் போட்டேன். "போன வருசம் வயிறு விடல, பாஸ்போர்ட்டு விடல. இந்த வருசம் சாமி விடலயா? அடுத்த வருசம் யாரு? சொல்லிருங்க, இப்பவே தெரிஞ்சிக்கிறேன்" என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம், தோட்ட வேலைக்கு வந்திருக்கிற பங்களாதேஷ் பையன்களின் ரேடியோ சட்டென்று நின்றது. இவ்வளவு காலத்தில் நான் கத்தி அவர்கள் கேட்டதில்லை. நான் கத்தி நானே கேட்டதில்லை.

அப்படியே கோயிலுக்கு நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். பந்தல் போடுகிற ஆட்கள் நின்றார்கள். பூசை செய்கிற பண்டாரத்திடம் போய்க் கையை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கயிற்றைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அவுத்துப் போட முடியாது தாயி. கட்டுன கயிறு கையில இருக்கணும். ஒங்கை இல்லன்னா வேற கை. வீட்டாளுங்க யாராச்சும் வாங்கிக் கட்டிக்கிட்டா, ஒம்மேல குத்தமில்ல. விரதம், பால்குடம், எல்லை எல்லாம் அவுங்களுக்கு."

வீட்டாள் என்று யார் இருக்கிறார்கள்? ஷாமினி சிரம்பானில். எனக்கு ஆதரவு சொல்ல மாமியாரும் இப்போது இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு வலது கை நீண்டது. டீசல் கறை போகாத நகம். பார்த்தால், என் வீட்டுக்காரர்.

"கட்டுங்க" என்றார் பண்டாரத்திடம், என்னைப் பார்க்காமல்.

பந்தல் கம்பு மேலிருந்து ஒருத்தன், "என்ன குணா அண்ணே, பால்கொடமா? மஞ்ச சேலையா, வேட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் கயிறு அவர் கைக்குப் போனது. கட்டையான மணிக்கட்டு, முடிச்சுப் போடக் கயிறு பத்தாமல் பண்டாரம் இன்னொரு துண்டு சேர்த்துக் கட்டினார்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொன்று நினைவுக்கு வந்தது. "ஏங்க, நீங்க எல்லை தாண்ட முடியாதே. ஆஸ்பத்திரியில எனக்குக் கையெழுத்து யாரு போடுவா? வெளிநாட்டு ஆளுன்னா பொறுப்பு ஏத்துக்க இந்த நாட்டு ஆளு வேணுமே."

போனில் ஷாமினியைக் கேட்டோம். "நான் போடுறேன்லா. நான் சிட்டிசன்தானே" என்றாள். கடையில் காப்பி சொல்வது போலச் சொல்லிவிட்டாள். நான் பெற்ற பெண் என்னை இந்த நாட்டிடம் பொறுப்பேற்று வாங்க வேண்டும். கோபமா, நிம்மதியா, இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

5

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு கட்டிலில் போட்டிருந்தார்கள். தாலியைக் கழற்றி ஷாமினி கைப்பையில் வைத்தாயிற்று. பச்சைக் கவுன், தலையில் பிளாஸ்டிக் தொப்பி. குளிர் எலும்பில் இறங்கியது.

ஊசி வைக்க வந்தது ஒரு நடுத்தர வயதுச் சீன அம்மா. மயக்க டாக்டரும் கூடவே நின்றாள். அந்த அம்மா என் இடது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நின்றாள். மணிக்கட்டைச் சுற்றிக் காப்புக் கயிற்றின் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. அவள் மூன்று விரல் வைத்து அளந்தபோது அந்தக் கறை அவள் விரலுக்கு அடியில் இருந்தது. என்ன இது என்று கண்ணால் கேட்டாள். "கோயில்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. தோல் மஞ்சளாகவேதான் இருந்தது.

ஊசி முடியளவுதான். குத்தும்போது கொசு கடித்த மாதிரி. பிறகு அதை மெல்லத் திருகினாள். அங்கேதான் விஷயம். வலி என்று சொல்ல முடியாது. கை உள்ளுக்குள் கனத்து, யாரோ எலும்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி. "ராசா?" என்றாள். உணர்கிறீர்களா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். வலது கையிலும் ஒன்று. அசைக்காதீர்கள் என்றுவிட்டு இருவரும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

அசைக்காமல் கிடந்தேன். உடனே மூக்கு அரித்தது. அரிக்காமல் இருக்குமா? வலது கையிலும் ஊசி, இடது கையிலும் ஊசி, வயிறோ வெட்டக் காத்திருக்கிறது. எல்லைக்குள் வீட்டுக்காரர், எல்லைக்கு வெளியே நான். பாஸ்போர்ட் இந்த வருடமும் குடிநுழைவுக் கவுண்டரில். இவ்வளவு வருடமாக நான் எப்படி இருந்தேனோ, அதை யாரோ கட்டிலில் போட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது. நகர வழியில்லை. கத்தினால் நர்ஸ் வருவாள், வந்து என்ன செய்வாள், மூக்கைச் சொறிவாளா?

மயக்க டாக்டர் பக்கத்தில் வந்து, "ஓகே, ஆன்ட்டி?" என்றாள். மூக்கைக் காட்டினேன், கண்ணால்தான். புரிந்துகொண்டு கையுறை போட்ட விரலால் அவளே சொறிந்துவிட்டாள். படித்த டாக்டர், எனக்கு மூக்குச் சொறிகிறாள்! சிரிப்பு வந்தது. சிரித்தபடியே உள்ளே போனேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

கண் விழித்ததும் முதல் வேலையாக வாந்திக்குக் காத்திருந்தேன். வரும், எங்கே போய்விடும், நமக்குத் தெரியாததா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். தையல் போட்ட இடம் எரிந்தது. தொண்டை வறண்டது. கட்டிலை வார்டுக்குத் தள்ளும்போது, லிஃப்ட் கீழே இறங்கிய அந்த ஒரு நொடி, அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அவ்வளவுதான், போச்சு, வலை பிய்ந்தது, அப்பா திவசம் போச்சு என்று கண்ணை மூடினேன். நெஞ்சுவரை வந்தது. அங்கேயே நின்றது. திரும்பிப் போய்விட்டது.

ஊசியை எடுத்துவிட்டு இரண்டு கையிலும் துணிப் பட்டை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு பொத்தான், அதே இடத்தில் அழுத்தும். நர்ஸ் கொஞ்சம் மைலோ பானமும் பிஸ்கட்டும் கொடுத்தாள். பயந்து பயந்து நக்கினேன். நின்றது. இன்னொரு பிஸ்கட் கேட்டேன்.

ஷாமினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மா, பசிக்குதா?" என்றாள், நல்ல தமிழில், ஆச்சரியமாக.

மருந்தா, ஊசியா, மாரியம்மனா என்று கேட்காதீர்கள். மயக்க டாக்டரைக் கேட்டேன். "எல்லாம் சேர்ந்துதான், எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது" என்றாள். அந்தப் பெண் அப்போதும் பொய் சொல்லவில்லை.

6

வீடு திரும்பும்போது ஷாமினி காரில் பிளாஸ்டிக் பைகளை அடுக்கி வைத்திருந்தாள். எனக்கென்று எப்போதும் எடுத்து வைப்பதுதான். லுக்குட் தாண்டினோம். வளைவுகள் வந்தன. செம்மண் பாதையில் கார் குதித்தது. நான் வலது கையின் மூன்று விரலை இடது மணிக்கட்டில் வைத்து, மேலே கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். குமட்டல் எட்டிப் பார்க்கும். அழுத்துவேன். உள்ளே போகும். ஒரு பைகூடத் திறக்கவில்லை. இந்தப் பாதையில் இவ்வளவு மரங்கள் இருக்கின்றன என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். எப்போதும் நான் பார்த்தது பையின் உட்புறம்தான்.

தோட்டத்து எல்லைப் பலகை அருகே வீட்டுக்காரர் நின்றிருந்தார். பால்குடம் இறக்க இன்னும் நாள் இருந்தது. மழிக்காத தாடி, மஞ்சள் வேட்டி, கையில் என் காப்பு. பலகைக்கு உள்பக்கம் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

"எடுத்தியா?" என்றார்.

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, அந்த இடத்தைத் தன் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். லாரி எஞ்சினைத் தொட்டுப் பார்க்கிற அதே மாதிரி. "இதுவா?" என்றார். பிறகு தன் கையில் காப்பை ஒதுக்கிவிட்டு அங்கேயும் அழுத்திப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பதிலாக அவர் பால்குடம் எடுத்த கதையை எழுதினால் அவர் என்னை வீட்டில் சேர்க்கமாட்டார். எனவே விட்டுவிடுகிறேன்.

வயிறு ஆறிவிட்டது. தையல் பிடித்துக்கொண்டது, பயணம் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் இன்னும் கவுண்டரில்தான். முத்திரைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சுவாமியோடு. அதுவரை லுக்குட் பஸ்ஸில் தனியாகப் போய்ப் பழகிக்கொள்கிறேன். போகிறேன், கீரை வாங்குகிறேன், வருகிறேன். ஒரு நாள் பாதியில் இறங்கிவிட்டேன். மற்ற நாளெல்லாம் நின்றது.

நேற்றுப் பாஸ்கருக்குப் போன் போட்டேன். திவசத்துக்கு வருகிறேன் என்றேன்.

"ராமேஸ்வரம் போறோம்க்கா" என்றான் இழுத்தபடி. "அங்கதான் திதி குடுக்குறோம். வேன் சொல்லியாச்சு. சித்தப்பா வீடு, அத்த வீடு, எல்லாம் சேத்து எடம் கணக்குப் பாத்தாச்சு."

"என்னையும் சேத்தா?"

"இல்லக்கா... நீதான் வண்டியில ஏறமாட்டியே. அதான் ஒன்னைச் சேக்கல. எதுக்குச் செரமப்பட்டு வர்றே? நாங்க போன்ல காட்டுறோம்க்கா."

கோபப்பட நினைத்தேன். வரவில்லை. அவன்மேல் என்ன தப்பு? ஒவ்வொரு கல்யாணத்துக்கும், ஒவ்வொரு குலதெய்வம் கும்பிடுதலுக்கும் வண்டி பேசும்போது, அக்கா வரமாட்டாள் என்று ஒரு இடத்தைக் குறைத்துக் குறைத்துப் பழகியிருக்கிறார்கள். அந்த இடத்தில் யார் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். என்னை இங்கே பிடித்து வைத்திருப்பது வாந்தி, வயிறு, பாஸ்போர்ட் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இடம் மூடிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

"போன்ல காட்ட வேணாம்டா. போன வருசம் காட்டுனீங்க, செருப்பத்தான் பாத்தேன்" என்றேன். "எனக்கும் சேத்து எடம் சொல்லு. ஆளு நெருக்கமா இருந்தாலும் பரவால்ல. ஜன்னல் சீட்டு வேணாம். நடுவுல ஒக்காந்து வர்றேன்."

சின்ன வயதில் எங்கே போனாலும் ஜன்னல் சீட்டுக்கு நாங்கள் போட்ட சண்டையும், வாந்தி எடுப்பேன் என்று அப்பா எப்போதும் அதை எனக்கே கொடுத்ததும் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

"நெசமாவாக்கா? இப்ப வாந்தி வராதா ஒனக்கு?"

"வராதுடா" என்றேன்.

சொல்லும்போது என் மூன்று விரலும் மணிக்கட்டில்தான் இருந்தன.